ஆவாரம்பதியில் கட்டாத வளைவு

மெதுவாப் பேசுங்க தம்பி. முன்னாடி சன்னலோரமா, ஊதாச் சேலை கட்டிட்டு, மடியில ஃபைலை வெச்சுட்டு ஒரு அம்மா உக்காந்திருக்குது பாருங்க. அதுதான் என்ற சம்சாரம், மயிலாத்தா. ஆவாரம்பதி ஊராட்சி மன்றத் தலைவர். பிரசிடெண்ட்டுங்க. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

அவ பக்கத்துல எடம் இருந்தும் ஏன் இத்தனை பின்னால வந்து உக்காந்தீங்கன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல ஒரு விசாரணை. மனுப் போட்டவன் நான். எதிர்த்தரப்பு அவ. மனுதாரரும் எதிர்த்தரப்பும் பஸ்ல ஒரே சீட்ல ஒட்டி உக்காந்துட்டு ஊருக்குப் போனா நாலு பேரு என்ன நெனைப்பாங்க. காலைல வரும்போதும் இப்படித்தான் வந்தோம். அவ முன்னால, நான் பின்னால. மத்தியானம் அந்த ஆபீஸ் புங்கமரத்தடியில மட்டும் சேந்து உக்காந்து சாப்பிட்டோம். தூக்குப்போசி ஒண்ணுதான் கொண்டாந்திருந்தா.

சண்டையான்னு கேட்டா, சண்டையில்லீங்க. கொள்கை.

எம்பேரு சென்னியப்பன். தேங்கா வாங்கி ஒடைச்சுக் காயவெச்சு விக்கறேன், கொப்பரைக் களம் வெச்சிருக்கறேன். எங்க ஊர்ல வரி உயர்வு எதிர்ப்புச் சங்கம்னு ஒண்ணு இருக்குது. ஆரம்பிச்ச நாள்ல இருந்து அதுக்குத் தலைவர் நாந்தான். அரசாங்கம் வீண் செலவைக் கொறைச்சா வரிய ஏத்த வேண்டியதே இல்லை, இதுதான் என்ற பேச்சு. டீக்கடையில பேசுவேன், கண்ணாலத்துல பேசுவேன், எழவு ஊட்லயும் பேசியிருக்கறேன். ஒருக்கா வீட்டு வரிய ஏத்தறோம்னு ஊட்டுக்கு ஊடு நோட்டீஸ் குடுத்தாங்க. அந்த நோட்டீஸை என்ற எருமை கழுத்துல கட்டி, ஓட்டிட்டுப் போயி ஊராட்சி ஆபீஸ் வாசல்ல நிறுத்தினேன். எருமை கழுத்தைத் திருப்பி அதைத் தின்னுபோடுச்சு. பேப்பர்ல போட்டோவே வந்துச்சுங்க. எருமை போட்டோதான். நான் கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளி நின்னுட்டேன்.

சொல்றதோட சரியா, ஊட்ல எப்படின்னு கேப்பீங்க. எங்கூட்ல வந்து பாருங்க. ஒண்ணும் வீணாப் போகாது. பழைய சேலை தலகாணி உறையாகும், உறை கிழிஞ்சாக் கரித்துணியாகும், அதுவும் கிழிஞ்சா வெளக்குத் திரியாகும். தேங்காத்தொட்டி அடுப்புக்கு, அந்தச் சாம்பல் பாத்திரம் வெளக்கறதுக்கு. இதையெல்லாம் யாரு எப்பப் பண்றாங்கன்னு நான் பாத்ததில்லை. ஆனா நடக்கும். ஊட்டுக்குத் தலைவன் கணக்கா இருந்தா ஊடு தன்னால கணக்கா நடக்கும், அதுதானுங்க.

போன தேர்தல்ல எங்க ஊராட்சியப் பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நான் அந்தத் தடவை நிக்கறதா இருந்தேன். வெசனத்துல ரெண்டு நாள் களத்துப் பக்கமே போகலை. அப்பத்தான் ரங்கராசு வந்தான், எங்க ஊராட்சி கிளார்க்கு. எதுக்குண்ணா வருத்தப்படறீங்க, அக்காவ நிறுத்துங்க, சேர்ல நீங்க உக்காருங்க, எல்லா ஊர்லயும் அப்படித்தானே நடக்குதுன்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு.

மயிலா அப்பப் புளி கொட்டை எடுத்துட்டிருந்தா. விசயத்தைச் சொன்னேன். நான் என்ன பண்ணோணும்னு கேட்டா. கையெழுத்துப் போட்டாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். இன்னொரு கொட்டைய எடுத்துப் போட்டுட்டு, கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அதைப் படிச்சுப் பாக்கலாமுங்களான்னு கேட்டா. படி, அதுக்கு யாரு வேண்டாங்கறான்னேன். அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ. படிக்கட்டுமேன்னு நெனைச்சேன்.

தேர்தல் செலவை நான் ஒண்ணும் கொறைக்கலீங்க. ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வெச்சேன். என்ற போட்டோ பெருசா, அவ போட்டோ மூலையில அளவா. 'ஒரு பைசா வரி ஏறாது, ஒரு பைசா வீணாகாது'ன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். வீண் செலவை ஒழிப்போம்னு சொல்றதுக்கு அத்தனை ஃபிளெக்ஸான்னு எதிர்க்கட்சிக்காரன் கேட்டான். அவனுக்குப் புரியலை. நான் பண்றது செலவு. நாலு பேரு சேந்து பண்ணாத்தான் அது வீண் செலவு, யாருது எவ்வளவுன்னு தெரியாமப் போயிருதில்லீங்களா.

கடைசியில ஓட்டுக் கெட்டியாகட்டும்னு மாகாளியம்மன் கோயில்ல கூட்டத்துக்கு முன்னால அவளை அந்த வாசகத்தைச் சொல்லிக் கற்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணா. கூட்டம் கலைஞ்சு எல்லாரும் ஜிகர்தண்டா குடிக்கப் போயிட்டாங்க, இவ அங்கயே நின்னுட்டிருக்கறா. வா புள்ள, முடிஞ்சுதுன்னேன். சத்தியம் பண்ணிட்டு ஒடனே எப்படிங்க வர்றதுன்னா. அவ சுபாவம் அப்படி.

ஜெயிச்சோம். நல்லா ஜெயிச்சோமுங்க.

மொத நாளு நான் புதுச் சட்டை போட்டுட்டு ஆபீஸ் போனேன். ரங்கராசு தலைவர் ரூம்ல ரெண்டு சேரு போட்டு வெச்சிருந்தான், ரெண்டுலயும் பூத்துண்டு விரிச்சிருந்தான். மயிலா உள்ள வந்தா. சாமி படத்தைக் கும்பிட்டா. பொறவு திரும்பிப் பாத்து ரங்கராசுகிட்டக் கேட்டா, அந்த ரெண்டாவது சேரு எதுக்குன்னு. அண்ணனுக்குங்கக்கான்னான்.

"அது இல்லீன்னா என்னாகும் ரங்கராசு?"

ரங்கராசு என்னையப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். நல்லா யோசிச்சுட்டு, ஒண்ணும் ஆகாதுங்கக்கான்னு சொல்லிப்போட்டான். துணை சுகாதார நிலையத்துல ஊசி போட வர்ற புள்ளத்தாச்சிங்க நின்னுட்டிருக்கறாங்கன்னு அந்தச் சேரை அன்னைக்கே அங்க அனுப்பிட்டா. நான் பொழுது சாயற வரைக்கும் நின்னுட்டே இருந்தேன். புதுசில்லீங்களா, பதட்டத்துல சொல்லிட்டான்னு நானும் பெருசு பண்ணலை.

ஆனா தம்பி, அது பதட்டமில்லை. அதுக்கப்பறம் எந்தச் செலவைக் கொண்டு போனாலும் இதே கேள்விதான். இது இல்லீன்னா என்னாகும். மன்றக் கூட்டத்துக்கு டீயும் வடையும் வாங்கறது நின்னுபோச்சு. வர்ற அதிகாரிங்களுக்குப் போத்தற சால்வை நின்னுபோச்சு. தலைவர் படம் போட்ட காலண்டர் நின்னுபோச்சு. கிராம சபைக்குப் பந்தல் போடறது நின்னு, வேப்பமரத்தடியில நடந்துச்சு. தெருவிளக்கு பல்பு வாங்கறதுக்கு அவளே மஞ்சப்பையத் தூக்கிட்டு டவுனுக்குப் போயி, சேலைக்குப் பேரம் பேசற மாதிரி பேசி வாங்கியாந்தா. அந்தக் கடைக்காரன் பொறவு எனக்குப் போன் பண்ணி, உங்கூட்டுக்காரம்மாவ இனி அனுப்பாதீங்கன்னு கெஞ்சினான். விடியறப்ப எந்திரிச்சுத் தெருத்தெருவாப் போயி லைட்டை அணைச்சுட்டு வருவா. பிரசிடெண்ட் நடந்து போறா, பிரசிடெண்ட் புருஷன் படுத்திருக்கறது நல்லாருக்குதா. நானும் எந்திரிச்சுப் பின்னால நடந்தேன். எனக்குச் சக்கரை கொறைஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரு, அது வேற விசயம்.

டீக்கடைக்காரர், பந்தல்காரர், ஃபிளெக்ஸ் அடிக்கறவன், எல்லாரும் என்கிட்டத்தான் வந்து அழுதாங்க. நான் சொல்லி வைக்கறேன், போங்கன்னு அனுப்புவேன். ராத்திரி சோறு போடறப்ப பேச்சை எடுப்பேன். ஆபீஸ் பேச்சு ஆபீஸ்லதானுங்க, ஊட்ல பேசினா ஊருக்குத் தெரியாமப் பேசற மாதிரி ஆயிரும், மனு நாள் வெள்ளிக்கிழமைன்னுட்டு ரசத்தை ஊத்துவா. என்ன பண்றது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானும் வரிசையில நிப்பேன். எனக்கு முன்னால ஒரு ஆத்தா பென்சன் வரலைன்னு நிக்கும், பின்னால ஒருத்தன் ஆட்டைக் காணோம்னு நிப்பான். நடுவுல பிரசிடெண்ட் புருஷன்.

புதுத் தண்ணித் தொட்டி தெறப்பு விழாதான் எனக்குப் பெரிய அவமானம். கட்டி முடிச்சாச்சு. எம்.எல்.ஏ. தேதி குடுக்கோணும். மேடை, மைக்கு, மாலை, கல்வெட்டு, எல்லாம் வழக்கமா உள்ளதுதானுங்க. இவ அதுக்குள்ள தண்ணிய வுட்டுட்டா. ஊரே குடிக்குது. எம்.எல்.ஏ. வர்றாரு, காரை விட்டு எறங்கறாரு, சுத்திலும் பாக்கறாரு, மேடை எங்கங்கறாரு. இவ தொட்டியடிக் குழாய்ல ஒரு சொம்பைப் புடிச்சு நீட்டறா. தண்ணி நல்லாருக்குதான்னு நீங்களே சொல்லுங்க, வந்ததுக்கு அதுதானுங்க விழான்னா. அவரு பாவம், வெய்யல்ல வந்தவரு, முழுச் சொம்பையும் குடிச்சுட்டு இன்னொரு சொம்பு கேட்டாரு. கூட வந்தவிய கை தட்டறதா வேண்டாமான்னு தெரியாம நின்னாங்க. நான் முன்னாடியே சொல்லி வெச்சிருந்த ரோசாப்பூ மாலைய ஒளிச்சுக் கொண்டு போயி எருமைக்குப் போட்டேன்.

சரி, இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். வளைவு விசயத்துலதான் பொறுக்க முடியலை.

வளைவுன்னா தெரியுமில்லீங்களா, ஊர் நுழையற எடத்துல ரோட்டுக்கு மேல கட்டுவாங்களே, 'தங்கள் வரவு நல்வரவாகுக'ன்னு. எங்க சுத்துப்பட்டுல எல்லா ஊருக்கும் இருக்குது. பக்கத்துல ஒரு ஊர்ல வளைவு பெருசா ஊரு பெருசான்னு சொல்ல முடியாது. இன்னொரு ஊர்ல ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் ஒத்துவராம ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ரெண்டு வளைவு. வைக்கோல் லாரி மொத வளைவைத் தாண்டிட்டு ரெண்டாவதுல மாட்டிக்கும். எங்க ஊருக்குத்தான் ஒண்ணுமில்லை. நான் அலைஞ்சு திரிஞ்சு, பெரிய எடத்துலயெல்லாம் பேசி, ஏதோ ஒரு திட்டத்துல வளைவுக்குன்னு பணத்தை ஒதுக்க வெச்சேன். பணம் வந்துருச்சு தம்பி. ஊராட்சிக் கணக்குல வந்து உக்காந்திருச்சு. நம்ம ஊர்ல யாருக்கும் ஒரு பைசா வரி ஏறாது. மேல இருந்து வர்ற பணம். இதை வீண்னு எப்படிச் சொல்றது.

நானே படம் போட்டேன். காலண்டர் தாளுக்குப் பின்னால. ரெண்டு பக்கமும் யானை, நடுவுல தாமரை, கீழ கல்வெட்டு. அந்தப் படத்தைச் சுருட்டிட்டு வெள்ளிக்கிழமை வரிசையில நின்னேன். என்ற மொறை வந்துச்சு.

"மனு என்னங்க?"

படத்தை விரிச்சுக் காட்டினேன். பாத்தா. யானை நல்லாருக்குதுன்னு சொன்னா. பொறவு அதேதான். இது இல்லீன்னா என்னாகும்.

"ஊருக்குள்ள வர்றவியளுக்கு இது ஆவாரம்பதின்னு எப்படித் தெரியும்?" நானும் தயாராத்தான் போயிருந்தேன்.

"ஆவாரம்பதிக்கு வரோணும்னு நெனைச்சவியதானுங்க இந்த ரோட்டுல திரும்பறாங்க."

பின்னால ஆடு காணாமப் போனவன் சிரிச்சான். அவன் ஆடு அவனுக்கு வெளையாட்டாப் போச்சு. நான் மேசைப் பக்கம் குனிஞ்சு, கல்வெட்டுல உம்பேரு வரும்புள்ள, நீ செத்தாலும் நிக்கும்னு சொன்னேன்.

"எம்பேரு அங்க எதுக்குங்க. நீங்க கூப்பிடறீங்க, நான் வர்றேன். அது போதாதுங்களா?"

அதுக்கு மேல எப்படிப் பேசறது. ஆனா பேசினேன். கொரலைத் தாழ்த்திச் சொன்னேன், அதுல எம்பேரும் வரும்னு. தம்பி, எனக்கு இந்த வயசாச்சு. எம்பேரு ரேசன் கார்டுல இருக்குது, கரண்ட் பில்லுல இருக்குது. எங்கப்பன் பேரு கோயில்ல அவரு வாங்கிக் குடுத்த டியூப் லைட்டுல இருந்துச்சு, வெளிச்சத்தை விடப் பேருதான் பெருசா இருக்கும், அதுவும் பியூஸ் போயிருச்சு. ஒரு மனுசனுக்கு ஒரு எடத்துல பேரு நிக்கோணும்னு ஆசை இருக்காதா. இதையெல்லாம் நான் அவகிட்டச் சொல்லலை. எம்பேரும் வரும்னு மட்டுந்தான் சொன்னேன். அவ என்னைய ரொம்ப நேரம் பாத்தா. மனுவுல சீல் குத்தி உள்ள வெச்சுட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டா.

ஒரு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது.' ஸ்டாம்புச் செலவு எதுக்குன்னு அவளே கொண்டாந்து, தோசைக்கல்லை எறக்கி வெச்சுட்டு, கையைத் தொடைச்சுட்டுக் குடுத்தா. வாங்கினதுக்குக் கையெழுத்தும் போட்டுக் குடுக்கச் சொன்னா.

உண்ணாவிரதம் இருக்கறதுன்னு முடிவு பண்ணேன். ஆபீஸ் வாசல்லயே சாமியானா போட்டேன். 'வீண் சிக்கனத்தைக் கண்டிக்கிறோம்'னு பேனர். நல்ல வாசகம் இல்லீங்களா, நானே யோசிச்சது. சங்கத்து ஆளுங்களைக் கூப்பிட்டேன். அவிய வரலை. வரி ஏறலையே சென்னியப்பா, எதை எதுத்து உக்காரச் சொல்றேன்னு கேட்டாங்க. பந்தல்காரரும் ஃபிளெக்ஸ்காரனும் டீக்கடைக்காரரும் வந்து உக்காந்தாங்க. வெய்யலு. ஆபீஸ்ல இருந்து ஒயர் இழுத்து ஒரு ஃபேன் வெச்சிருந்தோம். மயிலா வந்தா, கும்பிட்டா, ஒயரைப் பாத்தா. ரங்கராசைக் கூப்பிட்டு, இந்தக் கரண்ட்டு யாரு காசுன்னு கேட்டா. ஃபேன் நின்னுபோச்சு. பந்தல்காரரும் எந்திரிச்சுப் போயிட்டாரு, மத்தவியளும் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க.

மத்தியானம் ஒரு மணிக்கு ஆபீஸைப் பூட்டிட்டு வந்தா. கையில தூக்குப்போசி. எனக்கு பிரஷர் மாத்திரை இருக்குதுங்க, வெறும் வயித்துல போடக்கூடாது. பேனருக்குப் பின்னால திரும்பி உக்காந்து சாப்பிட்டேன். கம்மஞ்சோறும் மோரும், கொத்தவரங்கா வத்தலும். அது சாப்பாடு இல்லீங்க, மருந்துக்கு உண்டான அளவு. ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டதும் மருந்துக்காகத்தான். நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அவ பக்கத்துல உக்காந்து, ஒரு பழைய அட்டைய எடுத்து விசிறிட்டே இருந்தா. நான் சொன்னேன், நீ எனக்கு விசிறினாப் போராட்டத்துக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும்னு. இது என்ற சாப்பாட்டு நேரமுங்க, ஊராட்சி நேரமில்லைன்னா. ரெண்டு மணி ஆனதும் அட்டைய என்ற கையில குடுத்துட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா.

மூணு நாள் இருந்தேன். மூணு நாளும் அப்படித்தான். நாலாவது நாள் சாமியானா வாடகைக்குக் கட்டுப்படி ஆகலைன்னு முடிச்சுக்கிட்டேன்.

ஆனா பணம் சும்மா உக்காந்திருக்குதில்லீங்களா. மார்ச்சுக்குள்ள செலவாகோணுமாம். ஆகலீன்னா மேல கேப்பாங்க, அவியளுக்கு மேல இருக்கறவிய அவியளைக் கேப்பாங்க. மொதல்ல போன் வந்துச்சு. பொறவு ஒரு ஜீப்பு வந்துச்சு, ஏன் செலவு பண்ணலைன்னு பாக்க. பொறவு ரெண்டு ஜீப்பு, மொத ஜீப்புல வந்தவிய சரியாப் பாத்தாங்களான்னு பாக்க. இவ எல்லாருக்கும் எங்கூட்டு மோரைக் கொண்டு போயிக் குடுத்தா. குடிச்சு முடிச்சதும், இங்க வந்து போக டீசல் என்னங்க ஆச்சுன்னு கேட்டா. அதையும் எழுதிட்டுப் போயிட்டாங்க. பணத்தைத் திருப்பி எடுத்துக்குங்கன்னு இவ கடுதாசி போட்டா. திருப்பி வாங்கறதுக்கு வழிமொறை இல்லைன்னு பதில் வந்துச்சு. ரங்கராசு அழுதே போட்டான். கொறைச்சலா செலவு பண்ணவியளைப் பாத்திருக்கறேன், அதிகமாப் பண்ணவியளைப் பாத்திருக்கறேன், பண்ணவே மாட்டேங்கறவியளை எந்தக் கணக்குலங்கக்கா எழுதறதுன்னு.

கடைசியா, ஒதுக்கின நிதியைச் செலவழிக்காம வளர்ச்சிப் பணிக்கு முட்டுக்கட்டை போட்டதுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். நானும் அதே சமயத்துல கலெக்டருக்கு ஒரு மனு அனுப்பியிருந்தேனா, ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டாங்க. அதுதான் இன்னைக்கு விசாரணை.

பெரிய ரூம்பு, ஏசி. நடுவுல அதிகாரி, சுத்திலும் நாலஞ்சு பேரு. ஒருத்தர் எந்திரிச்சுப் படிச்சாரு. ஏதோ பிரிவு, ஏதோ உட்பிரிவு. படிச்சுட்டே வந்தவரு கடைசியில, விளக்கம் திருப்தியா இல்லீன்னா தலைவரைப் பதவியில இருந்து நீக்கலாம்னாரு.

எனக்கு அதுவரைக்கும் அது தெரியாது தம்பி. வளைவு கட்டச் சொல்லி உத்தரவு போடுவாங்கன்னுதான் நெனைச்சிருந்தேன். நீக்கறதுன்னா என்ன அர்த்தம். அவளைப் பாத்தேன். ஃபைலு மேல ரெண்டு கையையும் வெச்சுட்டு நேரா உக்காந்திருந்தா. அன்னைக்குக் கற்பூரத்துக்கு முன்னால நின்னாளே, அந்த மூஞ்சி.

அதிகாரி அவகிட்டக் கேட்டாரு. அரசாங்கமே குடுக்கற பணம்மா, உங்க மக்களுக்கு ஒரு செலவும் இல்லை, கட்டிட்டுப் போக வேண்டியதுதானேன்னு.

"அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்துங்க வருது?" அவ கொரலை ஏத்தவே இல்லை. "நான் ஒரு சோப்பு வாங்கினா அதுல வரி இருக்குதுங்கறாங்க. எங்க ஊரு நோட்டீஸ்ல ஏறலீன்னா சோப்புல ஏறும். எங்க சோப்புல ஏறலீன்னா வேற ஊர்ல எவளோ ஒருத்தி சோப்புல ஏறும். அவ எங்க வளைவைப் பாக்கக்கூட வரமாட்டா."

அதிகாரி அதைத் தாள்ல எழுதிக்கிட்டாரு. பொறவு என்ற பக்கம் திரும்பினாரு. நீங்கதான் மனுதாரரா, இந்தம்மா வளைவு கட்டாததால பொதுமக்களுக்கு என்ன இழப்புன்னு சொல்லுங்கன்னாரு.

நான் எந்திரிச்சேன். பேசறதுக்கு நெறைய எழுதிக் கொண்டு போயிருந்தேன். ஆனா வாயில வரலை. தண்ணி வருதுங்க, லைட் எரியுது, சாக்கடை வாரறாங்க, வரி ஏறலீங்க, வளைவில்லாம யாரும் வழி தவறிப் போகலீங்கன்னு சொன்னேன்.

"அப்ப என்னதான் உங்க புகார்?"

"என்ற சம்சாரம் என்ற மனுவ நிராகரிச்சிருச்சுங்க."

அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. அப்ப மனுவை வாபஸ் வாங்கறீங்களான்னு கேட்டாரு. அதெப்படிங்க, கொள்கைன்னு ஒண்ணு இருக்குதில்ல. வாபஸெல்லாம் வாங்க மாட்டேன், ஆனா அவ பதவிய மட்டும் எடுத்துறாதீங்கன்னு சொன்னேன். எடுத்தா ஊரு கெட்டுப்போயிருமுங்கன்னும் சொன்னேன். மயிலா திரும்பி என்னையப் பாத்தா. அது எந்தக் கணக்குல பாத்த பார்வைன்னு எனக்கு இன்னும் புரியலை.

அதிகாரி, பணத்தைத் திருப்பி எடுத்துக்கறோம், ஃபைலை முடிச்சரலாம்னாரு. உடனே பக்கத்துல இருந்தவரு ஒரு புஸ்தகத்தைப் பொரட்டி, அனுமதி வாங்கின வேலை எதுவா இருந்தாலும் அந்த எடத்துல அறிவிப்புப் பலகை வைக்கோணும்னு விதி இருக்குதுங்கய்யா, கைவிட்ட வேலைன்னாலும் வைக்கோணும்னாரு. என்ன வேலை, எங்க, எவ்வளவு செலவு, தலைவர் யாரு, எல்லாம் எழுதி. இல்லாத வேலைக்குப் பலகையான்னு அதிகாரியே கேட்டாரு. விதிங்கய்யான்னாரு அவரு.

மயிலா வழக்கம் போலக் கேட்டா. அது இல்லீன்னா என்னாகும்னு.

"ஃபைலை மூட முடியாதும்மா. நீங்களும் வாராவாரம் வரணும், நானும் வாராவாரம் உக்காரணும்."

அவ கேள்விக்கு ஒருத்தர் ஒழுங்காப் பதில் சொல்லி இன்னைக்குத்தான் நான் பாத்தேன். சரின்னுட்டா. ஆனா பலகைக்குக் காசு எடுக்க மாட்டேன், எங்கூட்டுக்காரர் களத்துல ஒரு பழைய தகரம் கெடக்குது, அவிய கையெழுத்தும் நல்லாருக்கும், அவியளே எழுதிருவாங்கன்னு சொல்லிப்போட்டா. என்னையக் கேக்கவே இல்லை. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. எழுதறனுங்கன்னேன்.

வாசகத்தை அங்கயே எழுதிக் குடுத்துட்டாங்க. இந்தா, சட்டைப்பையில இருக்குது, படிக்கறேன் கேளுங்க. 'ஆவாரம்பதி ஊராட்சி. பணியின் பெயர்: நுழைவு வளைவு. இவ்விடத்தில் மேற்படி வளைவு கட்டப்படவில்லை. செலவு: இல்லை. தலைவர்: திருமதி செ. மயிலாத்தாள்.'

அந்த செ. யாருங்கறீங்க. நாந்தானுங்க. ரோட்டு மேல, போற வர்ற அத்தனை பேரு கண்ணுலயும் படற எடத்துல. வளைவுன்னாக்கூட மேல அண்ணாந்து பாத்தாத்தான் பேரு தெரியும். இது நேராத் தெரியும். கொஞ்சம் தடிமனாவே எழுதலாம்னு இருக்கறேன். செ. மட்டும் செவப்புல.

அட, எந்திரிச்சுட்டா பாருங்க. இது குட்டைப்பிரிவு. எங்க ஊருக்கு இன்னும் ஒரு ஸ்டாப் இருக்குது. இங்க தாண்டினா டிக்கெட்டு ஒரு படி ஏறுது, அதனால அவ எப்பவும் இதுவரைக்குந்தான் எடுப்பா. மிச்சத்தைக் காட்டு வழியில நடந்துருவா. எனக்கு முட்டி வலி. நான் ஊருக்கே எடுத்துட்டேன்.

எறங்கிட்டா. திரும்பிப் பாக்க மாட்டா, எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, எவ்வளவு மெதுவா நடக்கறான்னு. அவ நடை அப்படியில்லீங்க, வேகமா நடக்கறவ.

பொழுதும் எறங்குது. அந்த வழியில நாய்த் தொல்லை வேற.

சித்த காலை நகத்துங்க தம்பி. மிச்ச டிக்கெட்டு வீண்தான், என்ன பண்றது. கண்டக்டர், வண்டிய எடுத்துறாதீங்க, இன்னொரு ஆள் எறங்கோணும்.